கரி என்றால் நிலக்கரி இல்லை

ஃபார்முலா பாரத் போட்டிக்காக நம்ம காலேஜ் டீம் கோயம்புத்தூர் போன கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மினி லாரியில் காரை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டி, திருவண்ணாமலையில் ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பி, செங்கம், ஊத்தங்கரை, சேலம் என்று தூங்காமல் போய், விடியற்காலையில் செட்டிபாளையத்தில் இறங்கினோம். வாசலில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று போர்டு. ஜூனியர் ஒருத்தன் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, இங்க முன்னாடி நிலக்கரி கிடங்கு ஏதாச்சும் இருந்துச்சாண்ணா என்று கேட்டான். எல்லாரும் சிரித்தோம். ஆனா பதில் யாருக்கும் தெரியல. மெக்கானிக்கல் ஃபைனல் இயர் படிக்கிற எனக்கும் தெரியல. சீனியர் என்கிற கெத்தை விட முடியாமல், டயர்ல இருந்து வர்ற கரித்தூளை வச்சு வந்த பேருடா என்று அடித்துவிட்டேன். பாவம், நம்பிவிட்டான். இந்தக் கட்டுரை அவனிடம் நான் கேட்கிற மன்னிப்பு.

கரி என்பது ஒரு மனிதர். முழுப்பெயர் சுந்தரம் கரிவரதன். ரேஸ் உலகத்துக்கு அவர் எப்பவும் கரிதான். பழைய தமிழில் கரி என்றால் யானை. முதலையிடமிருந்து யானையைக் காப்பாற்றிய பெருமாளுக்குக் கரிவரதன் என்று பெயர்; கொங்கு நாட்டில் கரிவரதராஜப் பெருமாள் கோயில்கள் உண்டு. ஆக, அந்த போர்டில் இருப்பது யானை.

நரேன் கார்த்திகேயனை எல்லாருக்கும் தெரியும். இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் ஆள், நம்ம கோயம்புத்தூர்க்காரர். அவர் சின்ன வயதில் முதல் ரேஸ் ஓட்டியது எந்த காரில் என்று கேட்டுப் பாருங்க, பல பேருக்குத் தெரியாது. ஃபார்முலா மாருதி. மாருதி 800 இன்ஜினைப் போட்டுச் செய்த ஒற்றை சீட் ரேஸ் கார். அதைச் செய்தவர்தான் கரி.

கோவையில் 1910-ல் ஜி. குப்புசாமி நாயுடு தொடங்கிய லட்சுமி மில்ஸ் குடும்பத்தில், 1950களில் பிறந்தவர். பணத்துக்குக் குறைவில்லாத வீடு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்ம ஊரில் சாதனையாளர் கதை என்றால் தெருவிளக்கில் படித்தார், பத்து மைல் நடந்தார் என்று ஆரம்பித்தால்தான் நமக்குத் திருப்தி. கரி கதை அப்படி இல்லை. கார் ரேஸ் அன்றைக்குப் பணக்காரர்களின் விளையாட்டு, அவரும் பணக்காரர். வசதியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதில்தான் விஷயமே இருக்கு.

ஊரும் ஒரு காரணம். மில் ஓட மெஷின் வேண்டும். மெஷின் பழுதானால் உதிரிபாகம் சீமையிலிருந்து கப்பலில் வரும்வரை உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் கோவையில் ஃபவுண்டரி வந்தது, லேத் வந்தது, மோட்டார் வந்தது, பம்பு செட் வந்தது. ஜி.டி. நாயுடு (1893–1974) ஒரு மோட்டார் சைக்கிளைக் காசு சேர்த்து வாங்கி, ஓட்டியதைவிட அதிகமாகக் கழற்றிப் பார்த்த ஊர் அது. அந்த ஆள் 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸில் தொடங்கி என்னென்ன செய்தார் என்பது தனிக் கதை, இன்னொரு இதழுக்கு வச்சுக்கலாம். நல்லா ஓடுற பொருளைக் கழற்றினால் நம்ம வீட்டில் திட்டு விழும். அங்கே அப்படிக் கழற்றித்தான் ஒரு ஊரே தொழில் கத்துக்கிட்டது.

கரி இளைஞராக இருந்த காலத்து இந்தியாவைக் கொஞ்சம் கற்பனை பண்ணுங்க. ரோட்டில் மொத்தம் மூணு விதமான கார். கல்கத்தா பக்கமிருந்து அம்பாசடர், பம்பாயிலிருந்து ஃபியட் (அதுதான் பிறகு பிரீமியர் பத்மினி), மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு. பத்மினியின் இன்ஜின் 1089 சிசி, சக்தி சுமார் 40 குதிரைத்திறன். வெளிநாட்டு கார் இறக்குமதி செய்வது சாதாரண ஆளால் முடியாத காரியம். ஆக, ரேஸ் ஓட்ட ஆசைப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே வழி: அப்பாவை ஆபீசுக்குக் கூட்டிப்போகிற அதே ஃபியட்டைக் கழற்ற வேண்டியது. சிலிண்டர் ஹெட்டை இழைத்து கம்ப்ரஷனை ஏற்றுவார்கள். போர்ட்டை அரைத்து வழுவழுப்பாக்குவார்கள். கேம் ஷாஃப்டை மாற்றுவார்கள். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு மாட்டுவார்கள். பின்சீட்டு, கதவு லைனிங், பம்பர் எல்லாம் வெளியே போகும்.

அப்படிச் செய்த கார்களைக் கொண்டுபோய் ஓட்டுகிற இடம் சோழவரம். மெட்ராஸுக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர் சமயத்தில் போட்ட விமான ஓடுபாதை. போர் முடிந்தது, விமானம் போனது, கான்கிரீட் மட்டும் மிச்சம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை ரேஸ் டிராக் ஆக்கியது. வைக்கோல் கட்டை அடுக்கி வளைவு, கயிறு கட்டிப் பார்வையாளர் வரிசை. ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும். விஜய் மல்லையா ஒரு காலத்தில் ஃபார்முலா ஒன்னில் ஓடிய என்சைன் காரையே வாங்கி வந்து அங்கே ஓட்டியிருக்கிறார். அந்த மாதிரி வண்டிகளுக்கும் பட்டி பார்த்த ஃபியட்டுகளுக்கும் நடுவில்தான் கரி ஓட்டுநராகப் பெயர் வாங்கினார். ஓட்டுவார், இறங்கி வந்து தானே கழற்றுவார். இரண்டையும் ஒரே ஆள் செய்வது அன்றைக்கும் அபூர்வம், இன்றைக்கும் அபூர்வம்.

ஓடுபாதையில் ரேஸ் என்றால் நீளமான நேர்கோடு. நேர்கோட்டில் ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்திருப்பார்கள். இங்கேதான் நம்ம மேட்டர் வருது: பெட்ரோல் பிரஷர்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ட்யூன் பண்ணின இன்ஜின் 70 குதிரைத்திறன் தருது என்று வையுங்க. ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 250 கிராம் பெட்ரோல் என்று தோராயமாக எடுத்தால், மணிக்கு 17.5 கிலோ. லிட்டரில் சுமார் 23 அல்லது 24. அதாவது வினாடிக்கு ஆறரை மில்லி. கார்புரேட்டர் கிண்ணத்தில் 40 மில்லி இருக்குன்னா, பம்ப் நின்றுபோனால் ஆறு வினாடியில் காலி. சோழவரம் மாதிரி ஓடுபாதையில் ஆறு வினாடி ஒண்ணுமே இல்ல. பம்ப் முழுசா நிக்க வேண்டியதுகூட இல்லை; தேவையில் பாதியை மட்டும் அனுப்பினாலே கிண்ணத்தில் மட்டம் இறங்கும், கலவையில் காற்று கூடிப் பெட்ரோல் குறையும், உள்ளே சூடு ஏறும், தட்டல் ஆரம்பிக்கும், கடைசியில் பிஸ்டன் தலையில் ஓட்டை. டிரைவருக்கு முதலில் தெரிவது இழுவை கொஞ்சம் குறைஞ்ச மாதிரி ஒரு சந்தேகம் மட்டும்தான்.

அந்தக் காலத்தில் லேப்டாப் கிடையாது, சைலன்சரில் ஆக்சிஜன் சென்சார் கிடையாது. முழு வேகத்தில் ஓட்டி, அப்படியே இன்ஜினை ஆஃப் பண்ணி, கிளட்சை மிதித்து உருட்டி வந்து நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார்கள். வெள்ளையா வெளிறி இருந்தா பெட்ரோல் பத்தல. கருப்பா புகை படிஞ்சிருந்தா அதிகம். வெளிர் பழுப்பா இருந்தா விட்டுடு, தொடாதே. ஊருக்கு ஊர் ரேஸ் மெக்கானிக்குகள் இதைக் கண்ணாலேயே செய்தார்கள். நாம டேட்டா லாகர் இருந்தும் தடுமாறுகிறோம்.

பத்தாம இருந்தால்தானே பிரச்சினை, அதிகமா அனுப்பிட்டா என்ன? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது சோழவரத்தில் இல்லை, நம்ம கிரிவலப் பாதையில்.

பெரியப்பாவிடம் 1996 மாடல் மாருதி 800 ஒன்று இருக்கு. கார்புரேட்டர் வண்டி. நம்ம ஊர் மே மாத வெயிலில் ஒரு அரைமணி நேரம் நிறுத்திட்டு ஸ்டார்ட் பண்ணினா திணறும். பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகி, பம்ப் ஆவியைத்தான் இழுக்கும், பெட்ரோல் வராது. அந்த வண்டியில் பம்ப் சிலிண்டர் ஹெட்டிலேயே உட்கார்ந்திருக்கு, சூடு நேராக ஏறும். இதுக்கு எலெக்ட்ரிக் பம்ப் போட்டா சரியாயிடும் என்று ஒரு வொர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். நானும் கூட நின்று தலையாட்டினேன். கழித்துப்போட்ட எம்பிஎஃப்ஐ கார் ஒன்றின் பம்பை எடுத்து மாட்டினார்கள். ரெகுலேட்டர் எதுவும் வைக்கவில்லை. ஸ்டார்ட் ஆனது, சத்தமும் நல்லா இருந்தது. பெரியப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் வண்டி கறுப்புப் புகை கக்கியது. பிறகு குலுங்கி நின்றது. பானெட்டைத் திறந்தால் கார்புரேட்டர் தலையிலிருந்து பெட்ரோல் வழிந்து சொட்டுது, கீழே சூடான சைலன்சர் மேனிஃபோல்ட். பம்ப் இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு, ஏன்னா சாவி ஆன்ல இருக்கு. பெரியப்பா சீட்டில் உட்கார்ந்து மறுபடி மறுபடி செல்ஃப் அடிக்கிறார். வெறுங்காலில் கிரிவலம் வந்துகொண்டிருந்தவர்கள் ரெண்டு பேர் என்ன ஏதென்று எட்டிப் பார்க்க வந்தார்கள். அவர்களைத் தள்ளிப் போகச் சொல்லிக் கத்தியதும், சாவியைப் பிடுங்கியதும், பேட்டரி ஒயரைக் கழற்றக் கை நடுங்கியதும் ஞாபகம் இருக்கு. தீப்பிடிக்கவில்லை. காரணம் அதிர்ஷ்டம் மட்டும்தான்.

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்கை உங்களுக்கும் தருகிறேன். கார்புரேட்டர் கிண்ணத்தில் ஒரு மிதவை இருக்கும், ஃப்ளோட் என்போம். பெட்ரோல் மட்டம் ஏறினால் ஃப்ளோட் மேலே வந்து ஒரு ஊசியைத் தள்ளி வாயை அடைக்கும். வீட்டு மாடித் தொட்டியில் இருக்கிற பந்து வால்வுதான், வேற ஒண்ணும் இல்ல. வாயின் விட்டம் 2 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 3.14 சதுர மில்லிமீட்டர். கார்புரேட்டர் வண்டியின் சாதாரண பம்ப் தருவது சுமார் 3 பிஎஸ்ஐ. அந்த அழுத்தத்தில் ஊசியைக் கீழே தள்ளுகிற விசை ஆறேழு கிராம் எடைக்குச் சமம். ஃப்ளோட் சுலபமாக அடைத்துவிடும். எம்பிஎஃப்ஐ பம்ப் தருவது 40 பிஎஸ்ஐக்கு மேல். இப்போ அதே ஊசியில் 88 கிராம். அந்தக் குட்டி ஃப்ளோட் எம்பி எம்பிப் பார்த்தும் அடைக்க முடியாது. பெட்ரோல் நிரம்பி, ஜெட் வழியாக வழிந்து, இன்ஜின் மூழ்கும். அகல் விளக்கில் திரி மூழ்குகிற அளவுக்கு எண்ணெய் ஊற்றினால் எரியுமா? அதே கதை.

கவனிக்க வேண்டியது என்னன்னா, கார்புரேட்டரில் பிரஷர் கூடினால் பவர் கூடாது. எவ்வளவு பெட்ரோல் உள்ளே போக வேண்டும் என்பதை முடிவு பண்ணுவது ஜெட்டும், காற்று வேகமாகப் போகும்போது உண்டாகிற உறிஞ்சலும். பம்பின் வேலை கிண்ணத்தை நிரப்பி வைப்பது, அவ்வளவுதான். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கதை வேற. அங்கே இன்ஜெக்டர் திறந்திருக்கிற நேரம் ஒண்ணு, அதன் இரு பக்கமும் இருக்கிற அழுத்த வித்தியாசம் இன்னொண்ணு. பாயும் அளவு அந்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். 3 பாரை 4 பார் ஆக்கினால் மூணில் ஒரு பங்கு கூடாது, 15 சதவீதம்தான் கூடும். பழைய எஸ்டீமை வைத்துக்கொண்டு பிரஷரை ஏத்தினா ராக்கெட் ஆயிடும் என்று நினைக்கிற ஹாஸ்டல் நண்பர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும். வேக்குவம் ஹோஸ் இருக்கிற ரெகுலேட்டர் என்றால், ஐடிலில் அந்த ஹோஸைக் கழற்றி நுனியை அடைத்துவிட்டு செட் பண்ணணும். மாட்டிய நிலையில் செட் பண்ணினால் கேஜ் காட்டுவது அரை பாருக்கும் மேல் குறைவாக இருக்கும். நீங்க அதை 3-க்கு ஏத்தினால் உண்மையில் மூணரையைத் தாண்டியிருப்பீங்க.

பெரியப்பா வண்டியைச் சரி பண்ணின விதம் இது. கார்புரேட்டருக்கான குறைந்த அழுத்த எலெக்ட்ரிக் பம்ப் ஒன்றை டேங்க் பக்கம், சூடு இல்லாத இடத்தில் மாட்டினோம். கார்புரேட்டருக்கு முன்னால் ஒரு ரெகுலேட்டர். ரெண்டுக்கும் நடுவில் 0 முதல் 15 பிஎஸ்ஐ வரை காட்டுகிற கேஜ். 0–100 கேஜ் வாங்கிடாதீங்க, அதில் 3 என்பது முள் எழுந்திருக்கவே இல்லாத மாதிரி தெரியும். ரெகுலேட்டர் திருகை முழுக்க வெளியே விட்டு ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருகி, 3-ல் நிறுத்தி, லாக் நட்டை இறுக்கினோம். இறுக்கும்போது கால் பிஎஸ்ஐ நகரும், மறுபடி பார்க்கணும். ஆனா நின்ற இடத்தில் பார்ப்பது பாதிப் பரீட்சைதான். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறுகிற ஜவ்வாது மலைப் பாதையில் ரெண்டாவது கியரில் முழு ஆக்சிலரேட்டரில் ஏற்றினோம். கேஜை வைப்பர் பக்கம் கண்ணாடிக்கு வெளியே கட்டி, நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன் (பெட்ரோல் பைப்பை ஒருபோதும் கேபினுக்குள் கொண்டு வராதீங்க). இரண்டரைக்குக் கீழே இறங்கல. இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கிற மாதிரி ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாக ஒரு ரிலே. இப்போ அந்த வண்டி மே மாதத்திலும் திணறுவதில்லை.

நம்ம கதாநாயகரை ரொம்ப நேரம் காத்திருக்க வைத்துவிட்டேன். ஆனா இதே 800 இன்ஜின்தான் அவர் கதையின் மையம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூணு சிலிண்டர். ரேஸ் ஆட்களுக்கு அது ஒரு தையல் மெஷின். கரி அதை வேற மாதிரி பார்த்தார். முன்சக்கர இழுவை கார் என்பதால் இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் ஒரே பொட்டலமாக முன்னால் உட்கார்ந்திருக்கும். அந்தப் பொட்டலத்தை அப்படியே தூக்கி, டிரைவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால்? முன்சக்கரத்தை இழுத்தது பின்சக்கரத்தைத் தள்ளும். இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து ஒரு சட்டகம், மேலே ஃபைபர் உடல், நாலு மூலையிலும் திறந்த சக்கரம். குடும்ப காரின் எடையில் பெரும்பகுதி கழிந்துவிடுவதால் அந்தத் தையல் மெஷினே போதும். 1980களின் பிற்பாதியில் அவரது சூப்பர் ஸ்பீட்ஸ் பட்டறையிலிருந்து ஃபார்முலா மாருதி பிறந்தது இப்படித்தான்.

இதில் அவருடைய புத்திசாலித்தனம் வெல்டிங்கில் மட்டும் இல்லை என்பது என் கருத்து. அதுவரை வேகமான ஒற்றை சீட் கார் என்றால் வெளிநாட்டிலிருந்து யார் எதைக் கொண்டுவர முடிந்தது என்பதுதான் போட்டி. பாதி ரேஸ் கஸ்டம்ஸ் ஆபீசிலேயே முடிந்துவிடும். கரி அந்த ஆட்டத்தில் ஜெயிக்கக்கூடிய இடத்தில் இருந்தவர். அவரே அதைக் கலைத்தார். எல்லாருக்கும் ஒரே 796 சிசி. கிளட்ச் பிளேட் தேய்ந்தால் எந்த ஊர் ஸ்பேர் கடையிலும் கிடைக்கும். கார்புரேட்டர் ரிப்பேர் கிட் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே கிடைக்கும். உடனே கார் ரேஸ் ஏழைகளின் விளையாட்டு ஆகிவிட்டது என்று நான் கதை விட மாட்டேன். ஆகவில்லை, இன்றைக்கும் ஆகவில்லை. டயர், பெட்ரோல், லாரி வாடகை எல்லாம் இருக்கு, நம்ம டீம் பொருளாளரைக் கேளுங்க. ஆனா ஓட்டத் தெரிந்தவன் யார் என்று பிரித்துப் பார்க்க முதல்முறையாக ஒரு தராசு கிடைத்தது.

இன்னொன்றும் நடந்தது. எல்லாருக்கும் ஒரே இன்ஜின் என்றால் குதிரைத்திறனைக் காசு கொடுத்து வாங்க முடியாது. மிச்சம் இருப்பது செட்டிங் மட்டும். ஃப்ளோட் மட்டம் அரை மில்லிமீட்டர் ஏறினால் வளைவில் என்ன ஆகும், எந்த ஜெட், பற்றவைப்பு எத்தனை டிகிரி முன்னால், வெயில் ஏறிய மத்தியான ரேஸில் பெட்ரோல் பைப் எந்தப் பக்கமாகப் போக வேண்டும். வளைவில் கார் திரும்பும்போது கிண்ணத்துப் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கும், ஃப்ளோட் ஏமாறும். நேர்கோட்டில் சரியாக இருந்த இன்ஜின் வளைவு முடிந்ததும் ஒரு கணம் விக்கும். அந்த ஒரு கணத்தில்தான் பின்னால் வருபவன் தாண்டுவான். விலையில் இருந்த வித்தியாசம் போய், இந்த மாதிரி நுணுக்கத்தில் வித்தியாசம் வந்தது. கோவையில் ஒரு தலைமுறை ரேஸ் மெக்கானிக்குகள் கை பழகியது இந்தச் சின்ன இன்ஜினில்தான். அந்த ஊர் இந்திய மோட்டார் ரேஸின் தலைநகர் என்று பெயர் எடுத்ததற்கு டிரைவர்கள் எவ்வளவு காரணமோ, அதே அளவுக்கு இவர்களும் காரணம். இவர்கள் பெயர்கள் எந்தக் கோப்பையிலும் பொறிக்கப்படவில்லை.

சோழவரம் ஓய்ந்தது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்தது. அங்கே ஃபார்முலா மாருதியில் முதல் ரேஸை ஓட்டி, மேடையேறும் இடத்தைப் பிடித்தான் ஒரு பையன். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் புகழ்பெற்ற ராலி ஓட்டுநர். கரி அந்தக் குடும்பத்துக்கு உறவு. பையன் பெயர் நரேன். 1994-ல் அவர் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை ஜெயித்தார். ஐரோப்பாவில் ஒரு சாம்பியன்ஷிப்பை வென்ற முதல் இந்தியர்.

அதைக் கரி பார்த்தார். அதற்கு மேல் பார்க்கவில்லை. தரையில் வேகம் போதாமல் ஆகாயத்திலும் ஆசை வைத்திருந்தவர் அவர். 1995 ஆகஸ்டில் கோவையில் ஒரு சின்ன இலகுரக விமானம் விழுந்ததில் இறந்துபோனார். வயது நாற்பதைத் தாண்டி அதிக நாள் ஆகியிருக்கவில்லை. ரேஸ் காரில் ஆயிரம் தடவை உயிரைப் பணயம் வைத்த மனிதர் ரேஸ் டிராக்கில் சாகவில்லை.

பத்து வருஷம் கழித்து, 2005 மார்ச்சில், மெல்போர்னில் நரேன் ஜோர்டான் அணியின் மஞ்சள் காரில் ஃபார்முலா ஒன் தொடக்கக் கோட்டில் நின்றார். அதே வருஷம் ஜூனில் இண்டியானாபோலிஸில் நாலாவதாக வந்து ஐந்து பாயிண்ட் வாங்கினார். டயர் தகராறில் பல அணிகள் விலகிக்கொண்டு ஆறே கார்கள் ஓடிய ரேஸ் அது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லன்னா கமெண்டில் யாராவது வந்து சொல்லுவீங்க. இருக்கட்டுமே. அந்த ஆறு பேரில் ஒருத்தர் மாருதி 800 இன்ஜினில் ரேஸ் பழகியவர்.

அதற்கு ரெண்டு வருஷம் முன்னால், 2003-ல், செட்டிபாளையத்தில் டிராக் திறந்தார்கள். ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளம். முதலில் சின்ன விமானங்களுக்கான ஓடுபாதையாக இருந்த இடம் அது. சோழவரமும் ஓடுபாதை, இதுவும் ஓடுபாதை. அதற்குத்தான் அவர் பெயரை வைத்தார்கள். நாங்கள் மினி லாரியிலிருந்து காரை இறக்கித் தள்ளிக்கொண்டு போனது அந்த வாசல் வழியாகத்தான்.

போட்டியில் எங்களுக்கு என்ன ஆச்சு என்று கேட்பீங்க. எண்டியூரன்ஸ் சுற்றில் பாதியில் இன்ஜின் திணற ஆரம்பித்தது. இழுக்கல, விக்குது, வளைவு முடிஞ்சதும் செத்துச் செத்துப் பிழைக்குது. நான் சொன்ன அதே அறிகுறி. பம்பா, ஃபில்டரா, டேங்கில் பெட்ரோல் ஒதுங்குதா என்று பிரித்துப் பார்க்க ஒரே ஒரு பிரஷர் கேஜ் போதும். அதை நாங்கள் ஹாஸ்டல் ரூமில், கட்டிலுக்கு அடியில் விட்டுவிட்டு வந்திருந்தோம். பக்கத்து பிட்டில் இருந்த வேற காலேஜ் பையன்களிடம் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மாட்டியதும் தெரிந்தது: ஃபில்டர் அடைப்பு.

வர்ற ஜனவரிக்கு டீம் மறுபடி கிளம்புது. இந்தத் தடவை கேஜ் அந்த ஜூனியர் பொறுப்பு. கரி யாருன்னும் அவனுக்கு இப்போ தெரியும்.